கயிறு அறுந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல

அமிர்தவள்ளிக்கு வலது கை ஆள்காட்டி விரலில் மேல் கணு கிடையாது. எங்கே போச்சு என்று யாராவது கேட்டால், "கம்பெனிக்குக் குடுத்தாச்சு" என்பாள், கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு வந்தவள் மாதிரி. கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். ஆம்பூரில் விரல் குறைந்தவர்கள் அப்படியொன்றும் அபூர்வமில்லை.

பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில் அவள் பதினேழு வருஷம் வேலை பார்த்தாள். முதல் ஆறு வருஷம் தையல் மிஷினில். மீதி பதினோரு வருஷம் மூன்றாம் லைனுக்கு லைன் லீடர். லைன் லீடர் என்றால் நாற்பது பெண்களை நெருக்கி அன்றைய டார்கெட்டை முடிக்கவைக்கிறவள் என்று கம்பெனி கொடுக்கும் வேலை ஆர்டரில் போட்டிருக்கும். ஆர்டரில் போடாத வேலை ஒன்று உண்டு. அதுதான் கையெழுத்து.

வெளிநாட்டுக்காரன் நம் ஷூவை வாங்குவதற்கு முன்னால் நம் காகிதத்தைப் பார்ப்பான். முகமூடி, கையுறை பெற்றுக்கொண்டேன் என்று ஒரு காகிதம். தீயணைப்புப் பயிற்சியில் கலந்துகொண்டேன் என்று ஒரு காகிதம். என் சொந்த விருப்பத்தின் பேரில்தான் ஓவர்டைம் செய்தேன், யாரும் வற்புறுத்தவில்லை என்று ஒரு காகிதம். ஒவ்வொன்றிலும் நாற்பது பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது பேரும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தால் அரை மணி நேரம் போய்விடும், டார்கெட்டில் ஓட்டை விழும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் அமிர்தவள்ளி கேன்டீன் மூலையில் உட்கார்ந்து நாற்பது பேராகவும் மாறிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். நான்கு பேனா வைத்திருந்தாள். அடுத்தடுத்த இரண்டு பெயருக்கு ஒரே பேனாவைத் தொடமாட்டாள். பட்டப்படிப்பு படித்தவளுக்குச் சாய்த்துப் போடுவாள், எட்டாவதில் நின்றவளுக்கு எழுத்தெழுத்தாகக் குத்துவாள். ஷஹீன் பானு என்று ஒருத்தி. உருது பள்ளியில் படித்தவள், பெயரை உருதுவில்தான் எழுதுவாள். வலமிருந்து இடமாகப் போகும் அந்த எழுத்து அமிர்தவள்ளிக்குக் கைவரவில்லை. அதனால் ஷஹீன் பானுவுக்குத் தமிழில் ஒரு கையெழுத்தை அவளே உண்டாக்கிக் கொடுத்தாள். கடைசி எழுத்தின் சுழியை வால் மாதிரிக் கீழே இழுத்து, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓட்டிவிட்டிருந்தாள். ஷஹீனுக்கு ஒரு நாள் அதைக் காட்டியபோது, நன்றாயிருக்கிறது என்றாள்.

போடுவதோடு வேலை முடிந்துவிடாது. வெளிநாட்டுக்காரன் சார்பில் ஆடிட்டுக்கு வருகிறவர்கள் திடீரென்று ஒரு பெண்ணைக் கூப்பிட்டுக் காகிதத்தை நீட்டுவார்கள். இது உன் கையெழுத்தா என்பார்கள். அதற்கும் அமிர்தவள்ளி பாடம் நடத்தியிருந்தாள்.

"கீழ பாக்காத. கேக்கறவங்க மூஞ்சிய நேரா பாரு. கண்ணச் சிமிட்டாம, என் கையெழுத்துதான்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்த வேணாம்."

பதினோரு வருஷத்தில் ஒருத்திகூடப் பிசகவில்லை. பிசகியது மிஷின்தான். தோல் வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான் இருக்கும். இரண்டு கையாலும் அமுக்கினால்தான் தகடு இறங்கும். வேகத்துக்காக ஒரு பொத்தானை எப்போதும் அமுங்கியபடி டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். அது அமிர்தவள்ளிக்கும் தெரியும். பிரஸ் ஆள் வராத ஒரு நாள், டார்கெட்டுக்குப் பயந்து அவளே போய் நின்றாள். அத்தோடு அந்தக் கணு போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் ஆபீஸில் கூப்பிட்டு மரியாதையாக உட்காரவைத்தார்கள். டீ கொடுத்தார்கள். ஒரு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார்கள். 'மிஷினின் பாதுகாப்பு அமைப்புகள் சரியாக உள்ளன, உரிய பயிற்சி பெற்றுள்ளேன்' என்று இருந்தது. கீழே நாற்பது கையெழுத்து. நாற்பதும் அவளே போட்டது, அவளுடையதும் சேர்த்து. தன்னுடையதை மட்டும் அவள் நல்ல பேனாவில் போட்டிருந்தாள். இப்படி ஒரு காகிதம் இருக்கும்போது அவள் வாயைத் திறந்து என்ன சொல்லிவிட முடியும்? ஏதோ ஒரு தொகையைக் கொடுத்து, இனிமேல் எனக்கு எந்தக் கோரிக்கையும் கிடையாது என்று இன்னொரு காகிதத்தை நீட்டினார்கள். கையில் கட்டு. பேனா பிடிக்க முடியவில்லை. அவளிடம் தொழில் கற்று, அவள் இடத்துக்கு வந்திருந்த சௌந்தர்யாவைக் கூப்பிட்டார்கள். சௌந்தர்யா கண் கலங்கியபடியே அமிர்தவள்ளியின் கையெழுத்தைப் போட்டாள். அசலைவிட அழகாகவே வந்தது.

அன்றைக்கு வெளியே வரும்போது அமிர்தவள்ளிக்கு விரலைவிட அந்தக் காகிதம்தான் மனசில் நின்றது. எவ்வளவு பெரிய கம்பெனி, எவ்வளவு மெல்லிய காகிதம், அது குறுக்கே நின்று முதலாளியைக் காப்பாற்றிவிட்டதே என்று ஆச்சரியப்பட்டாள். கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு மரியாதைதான் வந்தது. அவள் அப்படிப்பட்ட ஆள்.

கிடைத்த தொகையில் பழைய ஸ்கூட்டர் இரண்டு வாங்கினாள். பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. ஊருக்கு வெளியே தார் ரோடு போட்டு, நம்பர் கல் நட்டு, விற்காமல் கிடந்த ஒரு மனைப்பிரிவுதான் மைதானம். கம்பெனி வேனுக்காக விடியற்காலை ஓடுகிற பெண்களுக்கெல்லாம் சொந்த வண்டி ஆசை இருந்தது. கற்றுக்கொடுக்க ஒரு பெண் இருந்தால் வீட்டிலும் விடுவார்கள். இரண்டே வருஷத்தில் இரண்டு ஸ்கூட்டர் நான்காயிற்று. மகள் வேலூரில் நர்சிங் படிப்பதும், வீட்டில் அடுப்பு எரிவதும் அந்த நான்கு வண்டியில்தான்.

பள்ளி தொடங்கிய முதல் வாரமே அவள் கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தவ்ஃபீக்கிடம் போய், விழுந்தால் நான் பொறுப்பில்லை என்று பக்காவாக ஒரு ஃபாரம் வேண்டும் என்றாள். தவ்ஃபீக்கின் கம்ப்யூட்டரில் உலகத்தில் உள்ள எல்லா ஃபாரமும் இருக்கும். ஏலகிரி மலையில் கயிற்றில் தொங்கி விளையாடும் இடத்துக்கு யாரோ கேட்டு அடித்தது ஒன்று இருந்தது. அதில் பெயரை மாற்றி, ஸ்கூட்டரைச் சேர்த்து, ஐந்து நிமிஷத்தில் கொடுத்துவிட்டான். மலைப்பிரதேச வானிலை மாற்றம், வன விலங்குகளின் தாக்குதல், கயிறு அறுதல் ஆகிய எதனால் உயிருக்கோ உறுப்புக்கோ சேதம் ஏற்பட்டாலும் நிர்வாகம் பொறுப்பல்ல. வாகனத்தின் பிரேக் முதலியவை நல்ல நிலையில் இருப்பதை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன். என் சொந்த விருப்பத்தின் பேரில் சேருகிறேன். கீழே நிர்வாகி என்ற இடத்தில், விரல் போவதற்கு முன்னால் பாங்க் பாஸ்புக்கில் போட்டிருந்த அவளுடைய பழைய கையெழுத்தை ஸ்கேன் பண்ணிச் சேர்த்தான். இப்போது அவள் போட்டால் எழுத்து நடுங்கும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினதுபோல் இருக்கும். ஃபாரத்துக்கு ஒரு களை வேண்டாமா என்றான்.

கயிறு எதற்கு என்று அமிர்தவள்ளி கேட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும், ஜாஸ்தியாக இருந்தால் யாருக்கு நஷ்டம் என்றான் தவ்ஃபீக். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

போன ஜூன் மாதம் மூன்றாம் லைனிலிருந்து ஷஹீன் பானுவையும் சேர்த்துப் பதினோரு பேர் ஒரே கும்பலாகச் சேர வந்தார்கள். பழைய லைன் லீடரிடம்தான் கற்றுக்கொள்வோம் என்று ஒரே பிடிவாதம். அமிர்தவள்ளிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. பதினோரு ஃபாரத்தை எடுத்து, இப்போது அந்த லைனுக்கு லீடரான சௌந்தர்யா கையில் கொடுத்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வா, ஆளுக்கொரு காப்பியும் கொடுத்துவிடு என்றாள். இவளுக்குத் தெரியாதா, சௌந்தர்யா எப்படி வாங்குவாள் என்று? தெரியும். ஆனால் கம்பெனி வேறு, தன் சொந்தத் தொழில் வேறு, சொந்தத் தொழிலில் எல்லாம் நிஜமாக நடக்கும் என்று ஒரு நினைப்பு. மறுநாளே பதினோரு ஃபாரமும் வந்தது. எண்ணிப் பார்த்து ஃபைலில் போட்டாள். எண்ணத்தான் செய்தாள்.

அந்த நான்கு வண்டியில் சாம்பல் நிற வண்டிக்குப் பின் பிரேக் கேபிள் தொய்ந்திருந்தது. மூன்று வாரமாகத் தொய்ந்திருந்தது. மாற்றிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பாள். தினமும் யாராவது கற்றுக்கொள்ள வந்துவிடுவார்கள். வண்டி நின்றால் நான்கு பேர் திரும்பிப் போக வேண்டும். அதனால் அந்த வண்டியில் ஏறுகிறவர்களிடம், நல்லா அழுத்திப் பிடி, அது கொஞ்சம் முரண்டு என்று மட்டும் சொல்லிவைப்பாள்.

ஷஹீன் பானு அழுத்தித்தான் பிடித்தாள். சரிவில் இறங்கும்போது குறுக்கே ஆடு வந்தது. பின் பிரேக் பிடிக்கவில்லை. பயத்தில் முன் பிரேக்கை இறுக்க, வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு முறிந்தது. தையல் மிஷினில் உட்காருகிறவளுக்கு வலது மணிக்கட்டு என்றால் அதுதான் எல்லாம். டாக்டர் ஆறு வாரம் என்றார்.

அமிர்தவள்ளிதான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கட்டுப் போட்டு முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்தாள். அழக்கூடச் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் ஷஹீனின் புருஷன் மஹபூப் பாஷா மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன். அப்படிப்பட்டவனைத்தான் சமாளிப்பது கஷ்டம்.

"சண்ட போட வர்லக்கா. பிரேக் புடிக்கலன்னு இவ சொல்றா. வண்டிய ஒரு தபா நான் பாக்கணும்."

சாம்பல் வண்டி வாசலில்தான் நின்றது. அவன் கையை வைத்தால் போதும், ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவன் கத்தக்கூட வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் நான்கு ஆட்டோக்காரர்களிடம் சொன்னால் சாயந்திரத்துக்குள் எல்லாக் கம்பெனி வாசலுக்கும் போய்விடும். அதற்குப் பிறகு எந்தப் பெண் வருவாள்? எந்த வீட்டில் விடுவார்கள்? மகளின் மூன்றாம் வருஷம் அவள் கண்முன் வந்து நின்றது. அவள் ஃபைலைத் திறந்து அந்த ஃபாரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

பாஷா நிதானமாகப் படித்தான். "வன விலங்கு" என்ற இடத்தில் நின்று, ஆட்டையும் இதில் சேர்ப்பார்களா என்று கேட்டான். கயிற்றைப் பற்றியும் கேட்டான். அதெல்லாம் பொதுவாகப் போடுவது பாய் என்றாள் அமிர்தவள்ளி. பிரேக் நல்ல நிலையில் இருப்பதைப் பார்த்துத் திருப்தியடைந்தேன் என்ற வரியை மட்டும் அவன் இரண்டு முறை படித்தான். கீழே கையெழுத்துக்கு வந்ததும் அவன் நெற்றி சுருங்கியது.

அப்போதுதான் அமிர்தவள்ளியும் அதைப் பார்த்தாள். ஷஹீன் பானு. தமிழில். கடைசிச் சுழி வாலாகக் கீழே இறங்கி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடியிருந்தது. அவளே பெற்ற பிள்ளை. கேன்டீன் மூலையிலிருந்து கிளம்பி, சௌந்தர்யா கைக்குப் போய், சுற்றி வளைத்து அவள் மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

"இவ உருதுல இல்ல போடுவா?" என்றான் பாஷா. மனைவி பக்கம் காகிதத்தைத் திருப்பினான். "இது நீ போட்டதா?"

ஷஹீன் பானு காகிதத்தைப் பார்க்கவில்லை. புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள். கண் சிமிட்டவில்லை.

"என் கையெழுத்துதான்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பாடம் அப்படியே இருந்தது.

பாஷா காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். பிறகு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு என்ன பேச்சு இருக்கிறது, தெரியாமல் வந்துவிட்டேன் அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றான். அமிர்தவள்ளிதான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்டுவிட்டுப் போனான். சாம்பல் வண்டியைத் தாண்டிப் போகும்போது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியில் மனைவியைப் பார்த்து, படிக்காமல் எதிலாவது கையெழுத்துப் போடுவார்களா என்று அவன் சொல்லிக்கொண்டு போனது வாசல்வரை கேட்டது. ஷஹீன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனாள்.

பள்ளி தப்பித்தது. அமிர்தவள்ளிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, பிடுங்கித் தின்கிற வெட்கம். கம்பெனியில் அவளுக்கு டீ கொடுத்து ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினவர்களாவது அவளை வேலைக்கு வைத்தவர்கள். இவளோ, ஷஹீனுக்கு அக்கா. அன்றைக்கு மத்தியானமே சாம்பல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் கேபிளை மாற்றினாள். மெக்கானிக் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இதை வைத்துக்கொண்டு யார் ஓட்டினது என்று கேட்டான்.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். தவ்ஃபீக்கிடம் போகவில்லை. அவளே எழுதினாள். 'சாம்பல் நிற வண்டியின் பின் பிரேக் கெட்டிருந்தது. அது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். தெரிந்தும் ஷஹீன் பானுவுக்கு அந்த வண்டியைக் கொடுத்தேன். அவர் கை முறிந்ததற்கு நானே பொறுப்பு. வைத்தியச் செலவும், கை சரியாகும்வரை அவர் சம்பளமும் என்னைச் சேர்ந்தது.' இந்தத் தாளை வைத்துக்கொண்டு பாஷா நினைத்தால் பள்ளியை ஒரே நாளில் மூடிவிடலாம். அது தெரிந்துதான் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் கையெழுத்துப் போட்ட கைக்குத் தன் பெயர் வரவில்லை. குறைவிரல் பேனாவைத் தாங்கவில்லை. மூன்றாவது எழுத்திலேயே கோணிப்போயிற்று.

சாயந்திரம் ஏ-கஸ்பாவில் அவர்கள் வீட்டுக்குப் போனாள். பாஷா நாற்காலி போட்டான். ஷஹீன் இடது கையால் தண்ணீர் கொண்டுவந்தாள். அமிர்தவள்ளி தாளைப் பாஷாவிடம் கொடுத்துவிட்டு, பிரேக் விஷயத்தை வாய்விட்டும் சொன்னாள். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

பாஷா தாளைப் படித்தான். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஷஹீனுக்குக் கொடுத்திருந்த ஃபாரம் காப்பியை எடுத்துவந்தான். இரண்டையும் அருகருகே வைத்து, நிர்வாகி கையெழுத்தையும் இந்தக் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இனிமேல் எதிலும் பார்க்காமல் ஏமாறக் கூடாது என்று காலையில்தான் முடிவு செய்திருப்பான் போலிருக்கிறது.

"இது உங்க கையெழுத்து மாதிரி இல்லியேக்கா" என்றான் மரியாதையாக. "உங்களுது அழகா இருக்கும். இத வேற யாரோ போட்ருக்காங்க. பெரிய மனசு பண்ணி வந்திருக்கீங்க, நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு வக்கீல் யாராவது பாத்து, இது அவங்க போட்டதே இல்லன்னு சொன்னா, நாங்க இன்னா பண்றது?"

அமிர்தவள்ளி வாயைத் திறந்தாள். என் கையெழுத்துதான் பாய் என்றாள். எத்தனையோ பேரைச் சொல்லவைத்த வாக்கியம் அது. அவள் வாயில் பொய் மாதிரியே வந்தது. பாஷா நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தாளை மனைவியிடம் நீட்டி, நீ பதினோரு வருஷம் இவங்ககிட்ட வேலை பார்த்தவளாயிற்றே, நீ சொல்லு என்றான்.

ஷஹீன் பானு தாளைக் கையில் வாங்கவில்லை. அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. புருஷன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவங்க கையெழுத்துதான்" என்றாள்.

கண் சிமிட்டவில்லை. பாஷா தலையை ஆட்டிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அமிர்தவள்ளி ஷஹீனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நம்பிச் சொன்னாளா, சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.